கனிம ஒப்பனைத் தூள்: முகம் சாம்பல் பூத்தால் பிரஷையும் பாருங்கள்

கல்யாண மண்டபத்தில் நேரில் பார்த்தபோது பளிச்சென்று இருந்த முகம், படத்தில் மட்டும் சாம்பல் பூத்ததுபோல் வெளிறித் தெரிவதுண்டு. பவுடர் சரியில்லை என்று மறுநாளே வேறு டப்பா தேடிப் போகிறவர்கள் பலர். பல வேளைகளில் குறை பவுடரில் இல்லை, அதைப் பூசிய பிரஷில் இருக்கிறது.

'மினரல் மேக்கப்' எனப்படும் கனிமத் தூளில் பெரும்பாலும் மைக்கா, டைட்டானியம் டையாக்சைடு, துத்தநாக ஆக்சைடு, நிறத்துக்கு இரும்பு ஆக்சைடு ஆகியவை இருக்கும். திரவ பவுண்டேஷன் விரலால் தொட்டாலே பரவிவிடும். உதிரித் தூள் அப்படியில்லை. பிரஷ்தான் அதைத் தோலோடு அழுத்திப் படியவைக்க வேண்டும். டைட்டானியமும் துத்தநாகமும் வெள்ளைத் தூள்கள், கேமரா ஃபிளாஷ் ஒளியைத் திருப்பி அடிப்பவை. நம்மவர்களின் மாநிறத்திலும் கறுப்பிலும் இவை ஓரிடத்தில் கொஞ்சம் கூடிப்போனாலும் திட்டாகத் தெரிந்துவிடும். மெல்லிய படலமாகத் தூளைப் பரப்பும் பிரஷ் தேவைப்படுவது இதனால்தான்.

இதற்கு முதலில் வாங்க வேண்டியது 'கபுக்கி' பிரஷ். ஜப்பானிய நாடகக் கலையின் பெயரைக் கொண்ட இது குட்டைக் கைப்பிடியும், நெருக்கமாக அடைத்த முடியும் உடையது. கைப்பிடி குட்டையாக இருப்பதால் அழுத்தம் கைக்குள் அடங்கும். இதில் இரண்டு வகை உண்டு. நுனி தட்டையாக வெட்டியது தூளை அடர்த்தியாகப் படியவைக்கும். பருத் தழும்பு, கருந்திட்டு உள்ளவர்களுக்கு ஏற்றது. நுனி உருண்டையானது மெல்லிய பூச்சுத் தரும். தினசரி வேலைக்குப் போகிறவர்களுக்கு அதுவே போதும். கண்ணுக்குக் கீழும் மூக்கோரமும் தொட ஒரு சின்னப் பிரஷ், கன்னச் சிவப்புக்குத் தளர்வான முடியுள்ள பிரஷ் ஒன்று. ஆக மூன்று. பன்னிரண்டு, இருபது என்று பையோடு விற்கும் செட்டுகளில் பாதி, திறந்த நாளோடு சரி.

ஆட்டு முடியா, செயற்கை இழையா என்ற கேள்வி எப்போதும் எழும். விலங்கு முடியின் மேற்பரப்பில் நுண்ணிய செதில்கள் இருப்பதால் அது தூளை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். ஆனால் நம் ஊர்ப் புழுக்கத்தில் கழுவினால் காய நாளாகும், சரியாகக் காயாவிட்டால் வாடையும் வரும். சிலருக்கு ஒவ்வாமையும் உண்டு. இழை வழவழப்பானது, விரைவில் காய்வது, முடி உதிர்வதும் குறைவு. இன்றைய நல்ல இழைப் பிரஷ்கள் மென்மையிலும் பின்தங்கியவை அல்ல. மலேசிய வானிலைக்கு இழைப் பிரஷே சௌகரியம்.

பாசார் மாலாமில் வாங்கினாலும் பேரங்காடியில் வாங்கினாலும் கையில் எடுத்துப் பார்ப்பது நல்லது. முடியை விரலால் பிளந்து பாருங்கள். அடிப்பகுதி வெறிச்சென்று தெரிந்தால் அது நெருக்கமில்லாத பிரஷ், தூளை அள்ளிக் கொட்டிவிடும். உள்ளங்கையில் அழுத்தி விட்டால் முடி உடனே நிமிர வேண்டும். நுனியை மணிக்கட்டின் உட்புறம் வட்டமாகத் தேய்த்துப் பாருங்கள். அங்கே குத்துவது கன்னத்திலும் குத்தும். உலக்கைக்குப் பூண் இருப்பதுபோல் பிரஷுக்கும் முடியையும் கைப்பிடியையும் பிணைக்கும் உலோகப் பூண் உண்டு. அது ஆடினால் விலை எவ்வளவு மலிவானாலும் வைத்துவிடுங்கள்.

பூசும் முறையும் முக்கியம். மாய்ஸ்சரைசர் தோலில் இறங்கச் சில நிமிடங்கள் பொறுங்கள். ஈரமோ வியர்வையோ இருந்தால் தூள் திட்டுத் திட்டாக ஒட்டும். டப்பா மூடியில் சிட்டிகைத் தூள் போட்டு, பிரஷை அதில் சுழற்றி, மிச்சத்தைத் தட்டிவிட்டுக் கன்னத்தில் தொடங்குங்கள். போதவில்லையென்றால் இரண்டாம் முறை பூசலாம். ஒரேயடியாக அப்புவதுதான் சாம்பல் முகத்துக்கு வழி. தூள் பறக்கும்போது வாயை மூடிக்கொள்ளுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் உதிரித் தூளைவிட அழுத்திய கட்டி வகையை நாடுவது மேல். பூசியதும் அரிப்பெடுத்தால் பிரஷை மட்டும் குறை சொல்லாமல் டப்பாவில் பிஸ்மத் ஆக்சிகுளோரைடு என்று எழுதியிருக்கிறதா எனப் பாருங்கள். சிலருக்கு அது ஒத்துக்கொள்வதில்லை.

பிரஷ்களை 7 முதல் 10 நாளுக்கு ஒருமுறை கழுவச் சொல்கிறது அமெரிக்கத் தோல் மருத்துவர் கழகம். குழந்தை ஷாம்பு போதும். முடி கீழ்நோக்கி இருக்க, வெதுவெதுப்பான நீரில் அலசுங்கள். பூணுக்குள் நீர் இறங்கினால் பசை இளகி முடி கொட்டும். பிழிந்து, மேசை விளிம்புக்கு வெளியே முடி நீட்டிக்கொண்டிருக்கப் படுக்கவைத்துக் காற்றில் உலர்த்துங்கள். குவளையில் நிமிர்த்தி வைத்துக் காயவிடுவது பலர் செய்யும் தவறு.

நடன அரங்கேற்றத்திலும் கல்யாண வீட்டிலும் ஒரே பிரஷ் பத்து முகங்களுக்குப் போகிறது. கண் சிவந்தவர், உதட்டோரம் கொப்புளம் உள்ளவர் அந்த வரிசையில் இருந்தால் அடுத்தவருக்கும் தொற்றக்கூடும். ஒப்பனைக் கலைஞரிடம் பிரஷ் கழுவியதா என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம். பெண்ணுக்கோ பிள்ளைக்கோ சொந்தக் கபுக்கியும் கண் பிரஷும் கொடுத்தனுப்புவது இன்னும் நல்லது.