முந்தின நாளே மசிச்ச உருளைக்கிழங்கு

அமெரிக்காவுல நவம்பர் மாசம் நாலாவது வியாழக்கிழமை தேங்க்ஸ்கிவிங் விருந்து. வான்கோழி மணிக்கணக்கா அவனை அடைச்சுக்கிட்டு இருக்கும். அடுப்புல நாலு பர்னரும் பிஸி. இதுக்கு நடுவுல உருளைக்கிழங்கை எப்ப வேகவைக்கிறது, எப்ப மசிக்கிறது? அதனால முந்தின நாளே மசிச்சு ஃப்ரிட்ஜுல வெச்சுடற வீடுகள் ஏராளம். ஆனா "இப்பத்தான் செஞ்சீங்களா?"ன்னு கேட்டுப் பாருங்க, பேச்சை மாத்திடுவாங்க :-) பாக்கெட் பொடியில கலக்குறவங்க பாடு இன்னும் மோசம். இந்த வெட்கம் தேவையே இல்லை, சரித்திரம் அவங்க பக்கம்தான் இருக்குங்கறது என் கட்சி.

கொஞ்சம் கொசுவத்தி சுத்துவோம். 1621 இலையுதிர் காலம், பிளிமத் குடியிருப்பு. சுமார் ஐம்பது ஆங்கிலேயர்களும், தலைவர் மாசசாய்ட்டோடு வந்த தொண்ணூறு வாம்பனோக் ஆண்களும் மூணு நாள் விருந்து சாப்பிட்டார்கள். எட்வர்ட் வின்ஸ்லோ எழுதிய கடிதத்தில் வேட்டையாடிய பறவைகளும் வாம்பனோக் மக்கள் கொண்டுவந்த ஐந்து மான்களும் இருக்கின்றன. உருளைக்கிழங்கு இல்லை. இருக்கவும் முடியாது. அந்தப் பக்கத்தில் அதை அப்போது யாருமே பயிரிடவில்லை.

அப்ப கிழங்கு எங்கேதான் இருந்தது? தென் அமெரிக்காவில், ஆண்டீஸ் மலையில். டிட்டிகாக்கா ஏரியைச் சுற்றியுள்ள மக்கள் ஏழாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அதைப் பயிராக்கிவிட்டார்கள். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே சுற்றி அயர்லாந்து போய், அங்கிருந்து கிளம்பிய ஸ்காட்-ஐரிஷ் குடியேறிகளோடு மறுபடி அட்லாண்டிக்கைத் தாண்டியது. 1719ல் நியூ ஹாம்ப்ஷயரில் அவர்கள் அமைத்த லண்டன்டெரி குடியிருப்பில் நட்டதுதான் நியூ இங்கிலாந்தின் முதல் உருளைக்கிழங்கு வயல் என்று வழக்கமாகச் சொல்வார்கள். பெருவிலிருந்து வட அமெரிக்கா வர ஐரோப்பா வழியா டிக்கெட்!

மசியல் செய்முறை அச்சில் வரவும் ரொம்ப நாளாகவில்லை. 1747ல் லண்டனில் ஹன்னா கிளாஸ் எழுதிய சமையல் புத்தகத்தில் இருக்கிறது: ரெண்டு பவுண்டு கிழங்குக்கு ஒரு பைன்ட் பால், கால் பவுண்டு வெண்ணெய், உப்பு. இன்னிக்கும் கிட்டத்தட்ட அதேதான்.

தேங்க்ஸ்கிவிங்கை தேசிய விடுமுறையாக்கப் பல வருஷம் விடாமல் கடிதம் எழுதிய சாரா ஜோசஃபா ஹேல் பிறந்ததும் அதே நியூ ஹாம்ப்ஷயர்தான். நம்ம எல்.கே.ஜி. பிள்ளைங்க பாடற 'மேரி ஹேட் எ லிட்டில் லாம்ப்' எழுதினவரும் இவரேதான். 1863ல் உள்நாட்டுப் போருக்கு நடுவில் லிங்கன் அறிவிப்பு வெளியிட்டார். நாடு முழுக்கப் பரவியது நியூ இங்கிலாந்து விவசாயி வீட்டு அறுவடைச் சாப்பாடு. அதற்குள் அந்த வீடுகளில் கிழங்கு அன்றாடப் பொருளாகியிருந்தது. ஆக, 'ஆதி விருந்திலிருந்தே வர்ற' பாரம்பரியம்னு நினைக்கிற மசியல், உண்மையில் நூறு வருஷம் தாமதமா பந்தியில உக்காந்த விருந்தாளி.

சரி, முந்தின நாள் மேட்டருக்கு வருவோம். கிழங்கு வேகும்போது மாவுச்சத்துத் துகள்கள் தண்ணீரைக் குடித்து ஊதிவிடும். மிக்சியில் போட்டு அடித்தால் செல்கள் உடைந்து அது வெளியே வழிந்து, மசியல் போஸ்டர் ஒட்டுற பசையாகிவிடும். ஃப்ரிட்ஜுல வெச்சா அதே மாவுச்சத்து இறுகி, மறுநாள் கட்டி தட்டி நிற்கும்.

இந்தப் பிரச்சினையோடு அரசாங்கமே மல்லுக்கட்டியிருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்களுக்குப் போன உலர்ந்த உருளைக்கிழங்கு நல்ல பேர் எடுக்கவில்லை. 1950களில் பிலடெல்பியாவை ஒட்டிய விண்ட்மூரில், அமெரிக்க வேளாண்துறை ஆய்வகம் ஒரு வழி கண்டுபிடித்தது. கிழங்கை முதலில் சுமார் 70 டிகிரி செல்சியஸ் நீரில் இருபது நிமிஷம் வைப்பது, பிறகு குளிர்விப்பது, அதற்கப்புறம்தான் முழுசா ஆவியில் வேகவைப்பது. நடுவில் குளிர்ந்ததில் மாவுச்சத்து செல்லுக்குள்ளேயே இறுகிவிடுவதால் மசிக்கும்போது அவ்வளவா வழியாது. அதை மெல்லிய தகடாகக் காயவைத்து உதிர்த்ததுதான் பாக்கெட்டில் வரும் செதில்.

புது ஐடியாவா? கிழங்கை முன்கூட்டியே தயார் பண்ணி வைக்கிற வேலையை ஆண்டீஸ்காரர்கள் எப்பவோ முடித்துவிட்டார்கள். ஜூன், ஜூலை உறைபனி இரவுகளில் கிழங்கைத் திறந்தவெளியில் பரப்புவார்கள். பகலில் வெயில். உறைந்து இளகியதைக் காலால் மிதித்துத் தண்ணீரைப் பிழிந்து காயவைப்பார்கள். பேர் சூன்யோ. நம்ம ஊர் வத்தலுக்கு அண்ணன் முறை, வருஷக்கணக்கில் கெடாது. இன்கா அரசின் களஞ்சியங்களில் இது குவிந்திருந்தது. போட்டோசி வெள்ளிச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு சூன்யோ விற்றே ஸ்பானியர்கள் பலர் பணக்காரர்களாகி ஊர் திரும்பினார்கள் என்று சியெசா தே லியோன் 1553ல் வெளியான நூலில் எழுதியிருக்கிறார். மிதித்தவர்கள் பேரை மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை.

எனக்கு உறுத்துவது இந்த இடம்தான். வருஷா வருஷம் நன்றி சொல்ற பந்தியில, கிழங்கையும் கொடுத்து, அதைச் சேமிச்சு வைக்கவும் வழி காட்டினவங்களுக்கு நன்றி சொல்ல ஆளில்லை. நாம என்னடான்னா முந்தின நாளே செஞ்சதுக்கு வெட்கப்படறோம்.

நான் செய்யற முறை: துண்டுகளை ஆய்வகக் கணக்குப்படி 70 டிகிரி நீரில் வைத்து, குளிர்ந்த தண்ணீரில் ஆறவிட்டு, அப்புறம் குழைய வேகவைப்பேன். மிக்சி வேண்டாம், கையாலே மசிக்கணும். வெண்ணெயும் க்ரீம் சீஸும் தாராளமா. அகலமான தட்டில் பரப்பி ரெண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்கு. மறுநாள் சூடான பால் கொஞ்சம் விட்டு, சிறு தீயில் ஆவி பறக்கக் கிளறணும். "இப்பத்தான் செஞ்சீங்களா?"ன்னு யாராவது கேட்டா, தைரியமா "நேத்தே செஞ்சாச்சு"ன்னு சொல்லுங்க. சொல்லிட்டு சூன்யோ கதையையும் எடுத்து விடுங்க. கதை முடியறதுக்குள்ள தட்டு காலியாகியிருக்கும் :-)