நாட்கணக்கும் இரத்தச் சோதனையும்

தூத்துக்குடித் துறைமுகம் முதல் காயல்பட்டினம், கீழக்கரை வரை விரிந்த முத்துக் கடற்கரையின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் ஆடவரின் வரலாற்றையே எழுதினர். முத்துச் சலாபம் நடந்த ஆண்டுகளும், கடல் கடந்து இலங்கைக்குச் சென்ற வணிகர்களின் செல்வமும் ஏடுகளில் இடம் பெற்றன. அவ்வணிகர்கள் திரும்பும் வரை வீட்டை ஆண்ட பெண்கள் எதைக் கற்றனர், தம் உடலைப் பற்றி எதை அறிந்திருந்தனர் என்ற வினாவைக் கேட்டவர் சிலரே.

அதற்குரிய விடை அரபுத் தமிழ் நூல்களில் இருக்கிறது. தமிழ் மொழியை அரபு எழுத்தில் எழுதும் அம்முறை, குர்ஆன் ஓதக் கற்ற பெண்களுக்கு மார்க்க அறிவின் வாயிலைத் திறந்துவிட்டது. காயல்பட்டினத்தில் 1816இல் பிறந்து கீழக்கரையில் 1898இல் மறைந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்களின் ‘ஃபத்ஹுத் தய்யான்’ இவ்வகை நூல்களுள் தலையாயது. ஃபிக்ஹுக் கல்வியில் தொழுகைக்கு முன் தூய்மை வரும். தூய்மையோடு ஹைளு என்னும் மாதவிடாயின் சட்டங்களும் வரும். வெளியில் பேச நாணிய ஒன்றை நம் மூதாட்டியர் பாடமாகவே படித்தனர்.

அப்பாடத்தின் உயிர்நாடி நாட்கணக்காகும். ஷாஃபிஈ மத்ஹபின்படி ஹைளின் மிகக் குறைந்த அளவு ஒரு பகலும் ஓர் இரவும். மிகுந்த அளவு 15 நாட்கள். இரண்டு ஹைளுகளுக்கிடையே குறைந்தது 15 நாட்கள் தூய்மை வேண்டும். எல்லை கடந்து வருவது இஸ்திஹாளா எனப்படும் நோய் உதிரம். அந்நிலையில் உதிரத்தின் தன்மையும், அவளுக்கு முன்பு இருந்த வழக்கமும் கருதப்படும். பெருமானார் (ஸல்) அவர்களிடம் ஃபாத்திமா பின்து அபீ ஹுபைஷ் (ரலி) அவர்கள் நில்லாத உதிரப்போக்கைப் பற்றித் தயங்காமல் கேட்ட செய்தியும், முன்னைய வழக்கத்தைக் கணக்கிடுமாறு அவருக்கு விடை கிடைத்த செய்தியும் ஹதீஸ் நூல்களில் உள்ளன. தன் வழக்கத்தை அறிந்தவள் அவளே. ஆதலால் இயலக்கூடிய எல்லைக்குள் அவள் சொல்லே ஏற்கப்படும் என்பது சட்ட மேதைகளின் முடிவு.

மாதவிடாய் நின்றுபோகும் பருவத்தையும் அவர்கள் விட்டுவிடவில்லை. நின்றவர்களின் இத்தா மூன்று மாதம் என்று சூரத்துத் தலாக்கில் வகுக்கப்பட்டிருப்பதால், அவ்வயதை வரையறுக்கும் தேவை எழுந்தது. ஷாஃபிஈ மத்ஹபில் பிரபலமான கருத்து 62 பிறையாண்டுகள். ஹனஃபி மத்ஹபில் 55. அரபு மருத்துவர்கள் இன்றும் அப்பருவத்தை ‘ஸின்னுல் யஅஸ்’, அதாவது நிராசையின் வயது என்கின்றனர். நிராசை மாதவிடாயைப் பற்றியதே அன்றி வாழ்வைப் பற்றியதன்று என்பதை நம் இல்லங்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

ஐரோப்பிய மருத்துவம் இதற்கொரு தனிப்பெயர் சூட்டியது பிற்காலத்தில்தான். மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்கள் சிறுவராக இருந்த 1821இல், பிரெஞ்சு மருத்துவர் கர்தான் ‘மெனோபாஸ்’ என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். சுரப்பிகளின் செய்தியாளரைக் குறிக்கும் ‘ஹார்மோன்’ என்ற சொல்லை 1905இல் ஸ்டார்லிங் வழங்கினார். 1929இல் அமெரிக்காவில் டாய்சியும் ஜெர்மனியில் பூட்டெனாண்டும் ஈஸ்ட்ரோஜன் வகை ஹார்மோனைத் தனித்தனியே பிரித்தெடுத்தனர். இரத்தத்திலுள்ள நுண்ணளவு ஹார்மோனை அளக்கும் வழியைப் பெர்சனுடன் கூடிக் கண்ட ரோசலின் யாலோ என்ற பெண்மணிக்கு 1977இல் நோபல் பரிசு கிடைத்தது. அவ்வழி வந்த சோதனைகள் இன்று சிற்றூர் வரை எட்டிவிட்டன.

சோதனை எதைக் காண்கிறது? மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி எஃப்.எஸ்.எச். என்னும் ஹார்மோனை அனுப்பிச் சினைப்பையைத் தூண்டுகிறது. சினைப்பை தளரும்போது தூண்டுதல் மிகுகிறது, எஃப்.எஸ்.எச். உயர்கிறது. ஆனால் தளர்ச்சி ஒரே சீராக வருவதில்லை. ஒரு மாதம் சினைப்பை அயர்ந்திருக்கும், மறுமாதம் விழித்துக்கொள்ளும். அளவும் அதற்கேற்ப ஏறி இறங்கும். சலாபத்துக்கு முன் பாரிலிருந்து மாதிரிச் சிப்பிகளை எடுத்துப் பார்ப்பது இக்கரையின் மரபு. ஒரு நாள் எடுத்த ஒரு சிப்பியைக் கொண்டு பாரின் வளத்தை யாரும் தீர்மானித்ததில்லை. ஒரு நாள் எடுத்த ஒரு குப்பி இரத்தமும் அத்தகையதே.

இதனால்தான் 2001இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கூடிய வல்லுநர்கள் இப்பருவத்தின் படிகளை வகுத்தபோது, நாட்கணக்கையே முதன்மையாகக் கொண்டனர். 2011இல் அது திருத்தப்பட்டது. அடுத்தடுத்த மாதச் சுற்றுகள் ஏழு நாளோ அதற்கு மேலோ முன்பின்னாகி, அவ்வேறுபாடு மீண்டும் மீண்டும் வந்தால் மாற்றத்தின் தொடக்கம். 60 நாளோ அதற்கு மேலோ வராதிருந்தால் பிற்பகுதி. தொடர்ந்து 12 மாதங்கள் வராவிடில் மாதவிடாய் நின்றதாகக் கொள்ளப்படும். 45 வயதைக் கடந்த பெண்ணிடம் இம்மாற்றமும் உரிய அறிகுறிகளும் இருந்தால் ஹார்மோன் சோதனை தேவையில்லை என்று பிரிட்டனின் வழிகாட்டு நெறியும் 2015இல் கூறிவிட்டது. நம் நாட்டுப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதிலேயே நின்றுவிடுவதால், தொடக்கம் நாற்பதுகளின் முற்பகுதியிலேயே தெரியலாம்.

சோதனைக்கு இடமே இல்லையா? உண்டு. நாற்பதுக்கு முன் மாதவிடாய் தடைப்பட்டால் நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் இருமுறை சோதிப்பது அவசியம்; எலும்பையும் இதயத்தையும் காக்க அப்போது மருத்துவம் வேண்டும். நாற்பதுக்கும் நாற்பத்தைந்துக்கும் இடையே மருத்துவர் தேவை கண்டால் சோதிப்பார். தைராய்டு கோளாறும் இரத்தசோகையும் இப்பருவத்தின் வேடம் பூண்டு வருவதால், அவற்றுக்கான சோதனை பல வேளைகளில் ஹார்மோன் அளவைவிடப் பயன் தரும். நாள் தள்ளிப்போனால் கருவுற்றிருப்பதும் ஒரு காரணமாகலாம்.

இன்னொன்றை அழுத்தமாகக் கூற விரும்புகிறோம். ஹைளுக்கு இறுதி வயது இல்லை என்பது ஷாஃபிஈ நூல்களின் சட்டம். அதை அறிந்த மூதாட்டி ஒருவர், ஓராண்டு நின்ற பின் உதிரம் கண்டால், ஹைளுதான் என்று தொழுகையை விட்டு, நாள் கழிந்ததும் குளித்து, பேசாதிருந்துவிடக் கூடும். வணக்கத்துக்கான சட்டம் வேறு, நோயறிதல் வேறு. ஓராண்டு நின்ற பின் வரும் ஒரு துளி உதிரமும் கருப்பைப் புற்றின் முன்னறிவிப்பாக இருக்கலாம். பெரும்பாலும் அவ்வாறு இராது. எனினும் மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆலிமிடம் சட்டம் கேட்பது மருத்துவரிடம் செல்வதற்கு ஈடாகாது.

இன்று நம் இல்லங்களில் நிகழ்வது என்ன? உம்மாவுக்கு இரவில் வியர்க்கிறது, தூக்கம் இல்லை, காரணமின்றிச் சினம் வருகிறது. வளைகுடாவிலிருக்கும் மகன் பணம் அனுப்பி எல்லாச் சோதனைகளையும் எடுக்கச் சொல்கிறான். தாளில் எண்கள் வரம்புக்குள் இருந்தால், உம்மாவுக்கு ஒன்றுமில்லை என்று குடும்பம் தீர்ப்பளித்துவிடுகிறது. அந்தத் தாளுக்குக் கிடைத்த மதிப்பு அவள் சொல்லுக்குக் கிடைக்கவில்லை. சட்ட மேதைகள் ஏற்ற சாட்சியை நாம் தள்ளுகிறோம். மருத்துவ வல்லுநர்களும் இன்று அச்சாட்சியிடமே திரும்பி வந்திருக்கின்றனர்.

நாற்பதை எட்டிய ஒவ்வொரு பெண்ணும் வந்த நாளையும் நின்ற நாளையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்பாராக. மருத்துவரிடம் செல்லும்போது அதை எடுத்துச் செல்வாராக. கணவரும் மக்களும் அவர் சொல்வதைச் செவிமடுப்பார்களாக. தாய்மார் அரபுத் தமிழில் கற்ற பாடத்தை மகளிருக்கு மருத்துவ அறிவையும் சேர்த்துக் கற்பிப்பது நம் தலைமுறையின் கடமை.