72-வது எழுத்துக்கு அப்பால்...

எங்க ஊர் ஆரணி. பட்டுத் தறிக்கு மேல ஜக்கார்டு பெட்டியில ஓட்டை போட்ட அட்டைகள் சுத்தும். ஓட்டை இருந்தா இழை தூக்கும், இல்லேன்னா தூக்காது. 1804-ல பிரான்சுல ஜக்கார்டு செஞ்ச ஏற்பாடு. ஓட்டை அட்டை ஒருநாள் ஆபீஸ்ல என் கழுத்தைப் புடிக்கும்னு நெனைக்கல.

பழைய ஃபோர்ட்ரான் கணக்கு, புது சி முகப்பு. லினக்ஸ், விண்டோஸ் ரெண்டுலயும் ஓடணும். ஒரு ஃபோர்ட்ரான் கம்பைலர் ஃபங்ஷன் பேருக்குப் பின்னாடி அடிக்கோடு ஒட்டும். இன்னொண்ணு பேரையே பெரிய எழுத்தாக்கிடும். சி பக்கம் 'இஃப்டெஃப்' போட்டுச் சமாளிச்சேன். (1972-73 வாக்குல சி-க்கு ப்ரீப்ராசஸர் வந்தப்ப இன்க்ளூடும் எளிய டிஃபைனும்தான். நிபந்தனை எல்லாம் மைக் லெஸ்க், அப்புறம் ஜான் ரைசர் சேர்த்தது.)

அதே ஜோர்ல ஃபோர்ட்ரான்லயும் டிஃபைன் போட்டேன். வெச்சுது பாருங்க ஆப்பு! மேக்ரோ விரிஞ்சு வரி நீண்டு, 12500-ன்னு முடிய வேண்டியது 125-ன்னு நின்னுடுச்சு. எர்ரரே இல்லை. மூணு நாளா தப்பான விடை.

பழைய பாணி ஃபோர்ட்ரான்ல 72 எழுத்துக்கு அப்புறம் இருக்கறதைக் கம்பைலர் கண்டுக்காது. 1928-ல வந்த ஐபிஎம் அட்டையில 80 கட்டம். ஆனா 1957-ல ஃபோர்ட்ரான் வந்த ஐபிஎம் 704-ல, அட்டை படிக்கிற மெஷின் 72 கட்டம்தான் படிக்கும். மெஷினும் போச்சு, அட்டையும் போச்சு, விதி மட்டும் போகல. சி ப்ரீப்ராசஸருக்கோ அந்த விதியே தெரியாது!

தறியில அட்டை மாறினா புடவையிலயே தெரிஞ்சிடும். நமக்கு வார்னிங்தான் புடவை. அதை ஆஃப் பண்ணி வெச்சிருந்தது அடியேன்தான். நீங்களாவது பண்ணாதீங்க மக்களே :-)