அயல்நிலத்தில் ஒரு ரோமத் தலைவர்

ரோமாபுரியின் வரலாற்றை எண்ணுங்கால் சுல்லா, பாம்பி, சீசர் என்னும் பெயர்களே நம் நினைவில் முந்தி நிற்கின்றன. அவை வென்றவர்களின் பெயர்கள். தோற்றவர்களுள்ளும் நாம் அறியத்தக்கவர் ஒருவர் உண்டு. அவரே குவின்டஸ் செர்டோரியஸ்.

இத்தாலியிலுள்ள நர்சியா என்னும் ஊரில் பிறந்து, இளமையிலேயே தந்தையை இழந்து, தாயின் அரவணைப்பில் வளர்ந்தவர் அவர். கி.மு. 105-ஆம் ஆண்டில் சிம்பிரியர் ரோமப் படையை முறியடித்தபோது, காயமுற்ற நிலையிலும் கவசத்தோடும் கேடயத்தோடும் ரோன் ஆற்றை நீந்திக் கடந்தார். பின்னர் மாரியஸின் படையில் இருந்தபோது, பகைவரின் உடை உடுத்து, அவர்தம் மொழியில் வேண்டிய சொற்களைக் கற்று, அவர்கள் பாசறையுள் ஒற்றராய்ப் புகுந்து மீண்டார். மற்றொரு போரில் ஒரு கண்ணை இழந்தார்.

மாரியஸ் கட்சிக்கும் சுல்லாவுக்கும் மூண்ட உள்நாட்டுப் போரில் சுல்லாவை எதிர்த்து நின்ற செர்டோரியஸ், ஸ்பெயினுக்கு ஆளுநராகச் சென்றார். அங்கே வரிச்சுமையைக் குறைத்தார். குடிமக்களின் வீடுகளில் படைவீரரைத் தங்கவைக்கும் கொடுமையை ஒழித்து, நகர்ப்புறத்தே பாசறை அமைத்தார். தாமே முதலில் அங்குத் தங்கினார். சுல்லாவின் படை அவரை ஆப்பிரிக்காவுக்குத் துரத்தியது. ஆயினும் கி.மு. 80-இல் லூசிடானிய மக்கள் அவரைத் தம் தலைவராக வருமாறு அழைத்தனர்.

மெட்டெல்லஸ், பாம்பி ஆகிய இருபெரும் தளபதிகளை அவர் ஆண்டுக்கணக்கில் எதிர்த்து நின்றார். பெரும்படையை ஒரே மூச்சில் வெல்லத் துடித்த தம் வீரருக்குப் பாடம் புகட்ட, இரண்டு குதிரைகளைக் கொணரச் செய்தாராம். வலியவன் ஒருவன் நோஞ்சான் குதிரையின் வாலை முழுமையாகப் பற்றி இழுத்து ஓய்ந்தான். மெலிந்தவனோ கொழுத்த குதிரையின் வாலிலுள்ள மயிரை ஒவ்வொன்றாய்ப் பறித்து முடித்தான். பொறுமையே வலிமை என்பதை வீரர் உணர்ந்தனர்.

இத்தனை புகழிடையும் அவர் உள்ளம் ரோமையே நாடியது. அயல்நாட்டில் அரசாள்வதினும் தாய்நகரில் எளிய குடிமகனாய் வாழ்வதே மேல் என்று பகைவருக்குச் சொல்லி அனுப்பினார். தாய் இறந்த செய்தி கேட்டு ஏழு நாள் கூடாரத்தை விட்டு வெளிவராது கிடந்தார் என்று புளூட்டார்க் எழுதுகிறார். ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு அத்துயரம் விளங்காததன்று.

ஆயினும் அவர் வாழ்வில் ஒரு கறையும் உண்டு. ஆஸ்கா நகரில் பள்ளி நிறுவி, ஸ்பானியத் தலைவர்களின் மைந்தருக்குக் கிரேக்கமும் லத்தீனும் கற்பித்தார். பெற்றோர் பெருமிதம் கொண்டனர். உண்மையில் அப்பிள்ளைகள் பிணையாளிகளே. அவர் அமைத்த செனட் சபையிலும் ரோமருக்கே இடம் இருந்தது. அவருடைய அதிகாரிகள் மக்களைத் துன்புறுத்த, ஊர்கள் கிளர்ந்தெழுந்தன. சினமுற்ற செர்டோரியஸ் அப்பிள்ளைகளுள் சிலரைக் கொன்றார். மற்றவரை அடிமைகளாக விற்றார்.

கி.மு. 73-ஐ ஒட்டி, பெர்பெர்னா என்னும் அவருடைய துணைத்தளபதியே ஒரு விருந்தில் அவரைக் கொல்வித்தான். பின்னர்ப் பாம்பியிடம் தோற்றுச் சிறைப்பட்டு, அவனும் மாண்டான்.

செர்டோரியஸை வீழ்த்தியது அக்கத்தி மட்டுமா? தம்மை வரவேற்ற மண்ணை அவர் நேசித்தார். ஆனால் அம்மக்களைத் தமக்கு நிகராக எண்ணவில்லை. நம்பிக்கையால் எய்திய தலைமை, நம்பி ஒப்படைத்த பிள்ளைகள்மீது கை வைத்த அன்றே அழிந்தது என்று நாம் கருதுகிறோம்.