வலி தணித்த இரு மருந்துகள்

காய்ச்சலுக்கும் மூட்டு வலிக்கும் மாந்தர் முதலில் நாடியது மரப்பட்டையையே. ஆங்கில நாட்டு ஆக்ஸ்போர்டுசயர் வட்டாரத்துப் பாதிரியார் எட்வர்டு ஸ்டோன், வில்லோ மரப்பட்டையைச் சுவைத்து, அதன் கசப்பு சிங்கோனாப் பட்டையை ஒத்திருக்கக் கண்டார். அதனை உலர்த்திப் பொடித்து முறைக்காய்ச்சல் கண்ட ஏறத்தாழ 50 பேருக்குக் கொடுத்து, விளைந்த பயனை 1763இல் இலண்டன் அரச கழகத்திற்கு எழுதினார். 1828இல் மியூனிக் நகரத்துப் புக்னர் அப்பட்டையினின்றும் சாலிசினைப் பிரித்தெடுத்தார். பின்னர் வந்த சாலிசிலிக் அமிலம் வலியைத் தணித்தது, வயிற்றையோ வருத்தியது.

1897இல் செருமானியப் பேயர் நிறுவனத்தில் பெலிக்ஸ் ஹாப்மன் தூய அசெட்டைல் சாலிசிலிக் அமிலத்தை ஆக்கினார். 1899இல் அது ஆஸ்பிரின் எனப் பெயர் பெற்றது. புகழ் முழுவதும் ஹாப்மனைச் சேர்ந்தது. ஆனால், அவ்வாய்வு தம் வழிகாட்டலில் நடந்ததென ஆர்தர் ஐக்கென்குரூன் 1949இல் எழுதினார். அவர் யூதர், நாசி ஆட்சியில் தெரேசியன்ஸ்டாட் முகாமில் அடைபட்டுக் கிடந்தவர். நிறுவனம் அவர் கூற்றை ஏற்கவில்லை. எனினும், அக்காலச் செருமனியில் ஒரு யூதரின் பெயர் மறைக்கப்பட்டிருக்கக் கூடும் என்பதை எளிதில் தள்ளிவிட இயலாது.

ஆஸ்பிரினும் வயிற்றை விட்டுவைக்கவில்லை. மூட்டழற்சி நோயாளிகள் அதனை நாள்தோறும் மிகுதியாக உட்கொண்டு குருதிக் கசிவுக்கு ஆளாயினர். இதற்கு மாற்றுத் தேடியவர் நாட்டிங்காம் பூட்ஸ் நிறுவனத்து ஸ்டூவர்ட் ஆடம்ஸ். 1953இல் தொடங்கி, வேதியியலார் ஜான் நிக்கல்சனுடன் சேர்ந்து 600க்கும் மேற்பட்ட சேர்மங்களை ஆராய்ந்த பின்னரே ஐபுபுரோபன் கிட்டியது. மாஸ்கோ மாநாடொன்றில் உரையாற்றுமுன், முன்னிரவு மதுவால் வந்த தலைவலிக்கு அவர் அதனையே 600 மில்லிகிராம் விழுங்கிக் குணம் கண்டாராம்! ஆய்வாளர் தம் மருந்தைத் தம்மிடமே சோதித்த காலம் அது. பிரிட்டனில் 1969இல் மருத்துவர் சீட்டின்பேரிலும், 1983இல் சீட்டின்றியும் அம்மருந்து விற்பனைக்கு வந்தது.

ஆஸ்பிரின் வேலை செய்யும் விதத்தை 1971இல் விளக்கியவர் ஜான் வேன். 1982இல் நோபல் பரிசு பெற்றார். வலியும் வீக்கமும் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் உருவாகாதவாறு அது ஒரு நொதியைத் தடுக்கிறது. ஐபுபுரோபனும் அவ்வழியதே. ஆயின் வேறுபாடு பெரிது. ஐபுபுரோபன் சில மணி நேரத்தில் நொதியை விட்டு நீங்கும். ஆஸ்பிரினோ நிலையாக முடக்கிவிடும். புதிய நொதி ஆக்கவியலாத குருதித் தட்டுகள் தம் பத்து நாள் வாழ்நாள் முழுதும் உறையும் ஆற்றல் குன்றுகின்றன. இதனாலேயே, மாரடைப்புக்கு ஒருமுறை ஆளானோருக்குச் சிறிய அளவில் ஆஸ்பிரின் தரப்படுகிறது. ஐபுபுரோபனை முன்னதாக உட்கொண்டால் அது அவ்விடத்தை அடைத்துக்கொண்டு ஆஸ்பிரினின் காப்பைக் கெடுக்கக் கூடும்.

டெங்கிக் காய்ச்சல் மலிந்த மலேசியாவில், அக்காய்ச்சல் கண்டோருக்கு இவ்விரண்டுமே விலக்கு. குருதிக் கசிவை மிகுவிக்கும் என்பதால் மருத்துவர்கள் பாராசிட்டமாலையே தருகின்றனர்.