கரையில் வலித்த துடுப்பு

ரோயிங் மெஷின் இளைஞர்களுக்கான கருவி, அதிலும் போட்டிக்குத் தயாராகும் விளையாட்டு வீரர்களுக்கானது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. நாற்பதைத் தாண்டி உடற்பயிற்சியைத் தொடங்குகிறவர்கள் நடைக்கருவியையோ சைக்கிளையோ தேடிப் போகிறார்கள். நீண்ட தண்டவாளத்தின் மேல் இருக்கை முன்னும் பின்னும் ஓடும் அந்தக் கருவியைப் பார்த்து, இதற்கான வயதைக் கடந்துவிட்டோம் என்று ஒதுங்குகிறார்கள். இந்த எண்ணத்தை வரலாறு ஆதரிக்கவில்லை. கரையில் அமர்ந்து துடுப்பு வலிக்கும் பழக்கம் புதிதாகக் கற்பவர்களுக்காகப் பிறந்தது. அது தனி விளையாட்டாக மாறியது, போட்டிக் காலத்தைப் பின்னே விட்டுவந்தவர்களின் கையால். இளம் வீரர்களைச் சோதித்துத் தேர்ந்தெடுக்கும் கருவியாக அது இருந்தது இடையில் வந்த ஒரு கட்டம் மட்டுமே. ஆனால் அந்தக் கட்டத்தின் நினைவே நம்மிடம் தங்கியிருக்கிறது.

தொடக்கத்தை ஏதென்ஸில் பார்க்கலாம். கி.மு. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த கப்பற்படைத் தளபதி சாப்ரியாஸ், துடுப்பு பிடித்தறியாத ஆட்களுக்குக் கரையிலேயே மரச்சட்டங்களில் இருக்கை அமைத்துப் பயிற்சி கொடுத்தார் என்று போர்த்தந்திரங்களைத் தொகுத்த பாலியேனஸ் எழுதியிருக்கிறார். கி.மு. 260 வாக்கில் ரோம் கார்த்தேஜை எதிர்க்கப் பெரும் கப்பற்படை ஒன்றைக் கட்டியது. அத்தகைய பெரிய துடுப்புப் போர்க்கப்பல்களைக் கட்டிய அனுபவம் இத்தாலியத் தச்சர்களுக்கு இல்லை. அவற்றை வலிக்கும் அனுபவம் ஆட்களுக்கும் இல்லை. கப்பல்கள் தளத்தில் உருவாகிக்கொண்டிருந்தபோதே, கப்பலில் இருக்கும் வரிசைப்படி கரையில் பலகைகளைப் போட்டு ஆட்களை உட்காரவைத்து, தாளம் சொல்பவரை நடுவில் நிறுத்தி, எல்லோரும் ஒருசேரப் பின்னே சாய்ந்து கைகளை இழுக்கவும் ஒருசேர முன்னே வந்து கைகளை நீட்டவும் பழக்கினார்கள் என்கிறார் வரலாற்றாசிரியர் பாலிபியஸ். இரண்டு இடங்களிலும் கரைப் பயிற்சி, ஒன்றும் தெரியாதவருக்குத் தண்ணீரின் ஆபத்தில்லாமல் கற்றுக்கொடுக்கும் வழியாகவே இருந்தது. யார் வலிமையானவர் என்று பிரித்துப் பார்ப்பது அதன் நோக்கம் அல்ல.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தக் கரைப் பயிற்சி வீட்டுக்கும் உடற்பயிற்சிக் கூடத்துக்கும் வந்தது. நியூயார்க் தடகளக் கழகத்தை நிறுவியவர்களில் ஒருவரான வில்லியம் கர்ட்டிஸ் 1872இல் அமெரிக்காவில் ஒரு துடுப்புக் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். ரோட் ஐலண்டில் தயாரான நராகான்செட் கருவிகள் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதி முழுவதும் விற்பனையில் இருந்தன. 1912இல் மூழ்கிய டைட்டானிக் கப்பலின் உடற்பயிற்சிக் கூடத்திலும் ஒரு துடுப்புக் கருவி இருந்தது. முதல் வகுப்புப் பயணிகளுக்கான அந்தக் கூடத்தில் அதை இழுத்திருக்கக்கூடியவர்கள் ஒலிம்பிக் வீரர்கள் அல்லர், உணவுக்குப் பிறகு உடலை அசைக்க விரும்பியவர்கள். அப்படியானால் நடுவயதினர் அப்போதே இதில் இருந்தார்களே, பிறகு ஏன் அது விளையாட்டாக வளரவில்லை என்று கேட்கலாம். அந்தக் கருவிகளிடம் எண் இல்லை என்பதே காரணம் என்று நினைக்கிறேன். எவ்வளவு வேலை செய்தோம் என்பதை அவை நம்பத்தக்க விதத்தில் சொல்லவில்லை. நேற்றைய நாளோடு இன்றையதை ஒப்பிட வழியில்லை. ஓர் ஊரில் இழுப்பவரை இன்னோர் ஊரில் இழுப்பவரோடு சேர்க்கவும் வழியில்லை.

எண்ணைக் கொண்டுவந்தவர்கள் பயிற்சியாளர்களும் உடலியலாளர்களும். அவர்களோடு சேர்ந்து இளமையும் தேர்வும் இந்தக் கருவிக்குள் நுழைந்தன. சிட்னியில் உடலியல் பேராசிரியர் ஃபிராங்க் காட்டன் உராய்வில் இயங்கும் எளிய கருவி ஒன்றை உருவாக்கினார். ஆட்களை முழுமையாகக் களைப்படையச் செய்து, அதிலிருந்து நல்ல துடுப்பு வீரராக வரக்கூடியவர் யார் என்று கண்டறிவதே அதன் பயன். அவருடைய வட்டத்திலிருந்து வந்த ஜான் ஹாரிசன் 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் துடுப்பு வலித்தவர், பின்னாளில் இயந்திரப் பொறியியல் பேராசிரியர் ஆனவர். கனமான இரும்புச் சுழல்சக்கரமும் சிறிய உராய்வுப் பரப்பும் இருந்தால் அளவு துல்லியமாகும் என்பதை உணர்ந்து, காட்டனின் யோசனையை உண்மையான அளவுகோலாக்கியவர் அவர். எழுபதுகளில் நார்வேயில் உருவான கெஸ்ஸிங் கருவியில் சக்கரத்தின் விளிம்பில் பட்டை சுற்றி எடை தொங்கவிட்டிருந்தார்கள். இவை விலை உயர்ந்தவை, அசைக்க முடியாதவை, தேசிய அணிகளுக்கும் ஆய்வுக்கூடங்களுக்கும் உரியவை. இருபது வயதுக்காரரை உட்காரவைத்து அவர் தாங்கும் எல்லையைக் கண்டறிவதே அவற்றின் வேலை. வலியின் கருவி என்று துடுப்பாளர்கள் இன்றும் ரோயிங் மெஷினைப் பற்றிப் பேசுவது இந்தக் காலத்திலிருந்து வந்த பழக்கம்.

திருப்பம் வெர்மான்ட்டின் மோரிஸ்வில்லில் ஏற்பட்டது. டிக், பீட்டர் டிரைசிகாக்கர் சகோதரர்கள் இருவருமே துடுப்பாளர்கள்; டிக் 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் போட்டியிட்டவர். 1976இல் செயற்கை இழைத் துடுப்புகள் செய்யத் தொடங்கிய அவர்களது கான்செப்ட்2 நிறுவனம் 1981இல் முதல் துடுப்புக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒரு சைக்கிள் சக்கரம், காற்றைத் தள்ளும் தகடுகள், ஒரு சங்கிலி, ஒரு கைப்பிடி, வேகம் காட்ட ஒரு சைக்கிள் அளவி, அவ்வளவுதான். உராய்வுக்குப் பதிலாகக் காற்றே எதிர்விசை தந்தது. பலமாக இழுத்தால் சக்கரம் வேகமெடுக்கும், வேகமெடுத்தால் காற்று இன்னும் கூடுதலாகத் தடுக்கும். மெதுவாக இழுப்பவருக்கு அது மெதுவாகவே இடம் கொடுக்கும். 1986இன் இரண்டாம் மாதிரியோடு மின்னணு அளவி வந்தது. ஒவ்வொரு இழுப்புக்கும் அடுத்த இழுப்புக்கும் இடையில் சக்கரம் எவ்வளவு விரைவாக வேகமிழக்கிறது என்பதை அளந்து, காற்றின் தடையைக் கணக்கிட்டு, அதற்கேற்பத் தூரத்தைச் சொல்வது இதன் முறை. அதனால் தூசி படிந்த கருவியும் புதிய கருவியும், மலை நகரமும் கடலோர நகரமும் ஒரே அளவில் பேசத் தொடங்கின. என் பார்வையில் இந்தக் கதையின் மையம் இந்தக் கணக்குத்தான். ஆய்வுக்கூடத்தில் மட்டும் இருந்த நம்பகமான எண், குளிர்காலத்தில் ஆறு உறைந்துவிட்ட எந்த ஊரின் கொட்டகைக்கும் போய்ச் சேர்ந்தது.

அந்த எண்ணை வைத்து விளையாட்டைச் செய்தவர்கள் யார்? எண்பதுகளின் தொடக்கத்தில் ஹார்வர்டின் நியூவெல் படகுக் கொட்டகையில் சுமார் இருபது பேர் கூடி இந்தக் கருவிகளில் பந்தயம் வைத்துக்கொண்டார்கள். டிஃப் வுட், ஜேக் எவரெட், டிக் கேஷின், அவர்களோடு ஹாலி ஹேட்டன் போன்றோர், 1976க்கும் 1980க்கும் இடைப்பட்ட அமெரிக்க அணிகளைச் சேர்ந்தவர்கள். 1980இல் மாஸ்கோ ஒலிம்பிக்கை அமெரிக்கா புறக்கணித்ததால் அவர்களில் சிலருக்கு உழைத்துக் காத்திருந்த வாய்ப்பே இல்லாமல் போயிருந்தது. தங்கள் கூட்டத்துக்குச் சார்லஸ் ஆற்றின் முன்னாள் நட்சத்திரங்கள் என்ற பொருளில் அவர்கள் வைத்த பெயரின் முதலெழுத்துகளே கிராஷ்-பி. முதலில் ஐந்து மைல் பந்தயம், பிறகு 2,500 மீட்டர், 1996இலிருந்து ஒலிம்பிக் தூரமான 2,000 மீட்டர். வென்றவருக்குப் பரிசு ஒரு சுத்தியல். கூட்டம் பெருகப் பெருகப் பந்தயம் கொட்டகையை விட்டு பாஸ்டனின் பெரிய அரங்குகளுக்கு இடம் மாறியது. வயது வாரியாக, எடை வாரியாகப் பிரிவுகள் விரிந்தன. 2018இல் வெர்ஜீனியாவின் அலெக்சாண்ட்ரியாவில் உலகத் துடுப்புச் சங்கம் தன் முதல் உள்ளரங்க உலகப் போட்டியை நடத்தியபோது, அந்த முன்னாள்களின் விளையாட்டு முறையாக அங்கீகாரம் பெற்றது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். முன்னாள் ஒலிம்பியன்களும் முப்பதை ஒட்டியவர்களும் நடத்திய பந்தயத்தைக் காட்டி, நாற்பத்தெட்டு வயதில் முதன்முறையாகக் கைப்பிடியைத் தொடும் ஒருவருக்கு இடம் உண்டு என்று சொல்வது பொருந்துமா? அந்த நிறுவனர்களும் தொடங்குபவர்களும் உடலால் ஒரே வகையினர் அல்லர் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் ஒரு விளையாட்டில் யாருக்கு இடம் உண்டு என்பதை அதன் விதிகளும் தீர்மானிக்கின்றன. படகுப் போட்டியில் மூத்தோர் பிரிவு 27 வயதிலேயே தொடங்குகிறது. 36, 43, 50, 55, 60 என்று படி ஏறுகிறது. ஆனால் அந்தப் படியில் கால் வைக்க ஆறும் படகும் சங்கமும் கூட வலிக்க ஆட்களும் வேண்டும். இளமையில் கற்றவருக்கே அது பெரும்பாலும் கைகூடும். உள்ளரங்கில் அந்தத் தேவைகள் விலகின, வயதுப் பிரிவு மட்டும் மிஞ்சியது. அரங்கில் நாற்பத்தெட்டு வயதுக்காரர் பக்கத்தில் இருபது வயதுக்காரர் இழுத்தாலும் அவரோடு இவருக்குப் போட்டி இல்லை. தன் வயதுக்காரர்களின் பட்டியலில்தான் இவர் பெயர் வரும். தாமதமாக வந்தவர் என்ற சொல்லுக்கே இந்த ஏற்பாட்டில் பொருள் குறைவு.

ஆனால் கருவியின் திரை காட்டும் அந்த எண் ஒரு பக்கம் உதவியும் மறுபக்கம் ஆபத்தும் ஆகும். சோதனைக் காலத்து மனப்போக்கோடு அதை அணுகுபவர் சீக்கிரம் விலகிவிடுவார். காரணம் காற்றின் கணக்கில் இருக்கிறது. இக்கருவியில் தேவைப்படும் ஆற்றல் வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக உயர்கிறது. 500 மீட்டருக்கு இரண்டரை நிமிடம் என்ற வேகத்துக்குச் சுமார் 104 வாட் போதும். அதையே இரண்டு நிமிடமாகக் குறைக்கச் சுமார் 203 வாட் வேண்டும். 2,000 மீட்டரில் பத்து நிமிடத்தை எட்டு நிமிடமாக்க, உடல் ஏறக்குறைய இரு மடங்கு உழைக்க வேண்டும் என்று பொருள். இந்தக் கணக்கு தெரியாதவர் திரையில் பத்து விநாடி குறைப்பது எளிது என்று நினைத்து முதல் வாரத்திலேயே மூச்சு முட்டி நிறுத்திவிடுகிறார். சக்கரத்தின் பக்கத்தில் ஒன்று முதல் பத்து வரை இருக்கும் நெம்புகோலும் இப்படித்தான் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. பத்தில் வைத்தால் பயிற்சி கூடும் என்பது தவறு. கூடுவது காற்றின் வரத்து மட்டுமே. அப்போது இழுப்பு கனத்து, வேகம் குறைந்து, பாரம் இடுப்பில் இறங்கும். மூன்றிலிருந்து ஐந்துக்குள் வைத்து, நிமிடத்துக்கு இருபது இழுப்பு அளவில், பேச முடியும் வேகத்தில், ஐந்து அல்லது பத்து நிமிடத் துண்டுகளாகத் தொடங்குவதே தொடங்குபவருக்கு ஏற்றது. கால் முதலில் தள்ள வேண்டும், உடல் பிறகு சாய வேண்டும், கை கடைசியில் மடங்க வேண்டும். திரும்பும்போது இதே வரிசை தலைகீழ். தாளம் சொல்பவர் நடுவில் நின்று கற்றுக்கொடுத்த ரோமானியக் கரைப் பயிற்சிக்கு இது நெருக்கமானது, காட்டனின் களைப்புச் சோதனைக்குத் தூரமானது.

முதுகைப் பற்றிய அச்சம் இன்னொரு மறுப்பு. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. இடுப்பு வலி துடுப்பாளர்களிடையே நன்கு அறியப்பட்ட சிக்கல். அமெரிக்கக் கல்லூரி வீரர்களை ஆராய்ந்தவர்கள், இக்கருவியில் அரை மணி நேரத்துக்கு மேல் நீளும் பயிற்சிகளுக்கும் முதுகு வலிக்கும் தொடர்பு கண்டார்கள். களைப்பில் முதுகு வளைந்த நிலையில் தொடர்ந்து இழுப்பதே முதன்மையான ஐயம். ஆனால் இந்தச் சான்று நீண்ட, கடுமையான பயிற்சியைத்தான் குற்றம் சொல்கிறது. சிறு துண்டுகளாக, இடுப்பிலிருந்து சாய்ந்து, முதுகை நேராக வைத்து இழுப்பதைக் குற்றம் சொல்லவில்லை. மூட்டில் அடி விழாமல், உட்கார்ந்தபடி, கால், உடல், தோள் மூன்றும் ஒரே அசைவில் வேலை செய்வது ஓடுவதால் முழங்கால் நோகும் வயதில் சிறிய நன்மை அல்ல. ஏற்கெனவே வட்டு விலகலோ இதய நோயோ இருப்பவர் மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும். இது எந்தக் கருவிக்கும் பொருந்தும்.

இது உண்மையான துடுப்பு வலித்தல் ஆகாது, தண்ணீர் இல்லையே என்ற குறை துடுப்பாளர்களிடமிருந்தே வருவது. படகின் சமநிலை, அலை, ஒருவரோடு ஒருவர் சேர்ந்து போகும் கூட்டுத் தாளம் எதுவும் இங்கே இல்லை என்பது உண்மை. அவற்றை நேசிப்பவர்களின் வருத்தத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த இல்லாமையால்தான் ஆறில்லாத ஊர்களில் இருப்பவர்களுக்கும் நீந்தத் தெரியாதவர்களுக்கும் இதில் இடம் கிடைத்தது. அயர்லாந்தில் ரொட்டி சுடும் தொழிலிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர், அதுவரை முறையான உடற்பயிற்சி எதுவும் செய்யாமல் இருந்துவிட்டு, 73 வயதில் இக்கருவியில் உட்கார்ந்தார். பிறகு தன் வயதுப் பிரிவில் நான்கு முறை உள்ளரங்க உலகப் பட்டம் வென்றார். 92 வயதில் உடலியலாளர்கள் அவரை ஆய்வுக்கூடத்தில் ஆராய்ந்தபோது அவருடைய இதயமும் தசையும் மிகவும் இளைய ஒருவருடையவை போல் இயங்கின. ஒருவரைக் கொண்டு பொது விதி செய்ய முடியாது. அவருடைய உடல்வாகும் அதிர்ஷ்டமும் நமக்கு வாய்க்காமல் போகலாம். ஆனால் அவருடைய பயிற்சி முறையிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். நாளுக்கு நாற்பது நிமிட அளவுள்ள உழைப்பில் பெரும்பகுதியை அவர் எளிய வேகத்திலேயே செய்தார். முழு வலிமையையும் காட்டும் பகுதிக்கு அதில் பத்தில் ஒரு பங்கு அளவே இடம் கொடுத்தார்.