புகைபோக்கியின் அகவுறை: ஒரு சமூக வரலாற்று நோக்கு

குளிர்மிக்க இங்கிலாந்தில் இல்லத்தின் உயிர்நிலையாக விளங்கியது கணப்படுப்பு. இலக்கியகாரர் அதனைப் போற்றினர்; வரலாற்றாசிரியரும் அதனை மறந்தாரல்லர். ஆனால், அவ்வடுப்பின் புகையைக் கூரைக்கு மேலே கொண்டு செல்லும் புகைவழியின் உட்சுவரைப் பற்றிப் பேசியோர் மிகச் சிலரே. அவ்வுட்சுவரைக் காக்கும் உறையை அகவுறை என ஈண்டுக் குறிப்பிடுவோம். அதன் வரலாற்றை ஆராயுமிடத்து, ஒரு சமூகம் எதனைச் செலவாகக் கருதியது, எதனைச் செலவாகவே கருதவில்லை என்பது புலனாகும்.

1577இல் வெளிவந்த தமது நூலில் வில்லியம் ஹரிசன், தம் காலத்து முதியோர் வியந்த மாற்றங்களுள் ஒன்றாகப் புகைபோக்கிகளின் பெருக்கத்தைக் குறிப்பிட்டார். 1662இல் அடுப்பொன்றுக்கு ஆண்டுதோறும் இரண்டு சிலிங் வரி விதிக்கப்பட்டது. மக்களின் வெறுப்புக்கு ஆளான அவ்வரி 1689இல் ஒழிந்தது. 1666ஆம் ஆண்டுப் பெருந்தீயின் பின்னர் இலண்டன் மாநகர் செங்கல்லாலும் கருங்கல்லாலும் மீளக் கட்டப்பட்டது. அக்காலப் புகைவழிகளின் அகவுறை யாது? சுண்ணாம்புச் சாந்துடன் பசுச்சாணத்தைக் கலந்து பூசிய பூச்சே அது. புகை கசியாமலும் புகைக்கரி ஒட்டாமலும் அது ஓரளவு காத்தது. எனினும், வெப்பமும் புகையிலுள்ள அமிலமும் காலப்போக்கில் அதனை உதிர்த்தன.

விறகின் இடத்தை நிலக்கரி பெற்றபோது புகைவழிகள் ஒடுங்கின. பல மாடிகளின் அடுப்புகளிலிருந்து வந்த வழிகள் வளைந்து நெளிந்து ஒரே புகைபோக்கியிற் கூடின. 14 அங்குலத்துக்கு 9 அங்குலம் என்பது பொதுவான அளவு. அதனினும் ஒடுங்கியனவும் பல. இவற்றைச் சுத்தஞ்செய்ய வறியோரின் பிள்ளைகள் உள்ளே ஏற்றப்பட்டனர். முழங்கையாலும் முழங்காலாலும் உந்தி ஏறிய அவர்தம் தோல் உரிந்தது. அதனை வன்மையாக்க, நெருப்பருகே நிறுத்தி உவர்நீரைத் தேய்த்தனர் என்பது 1863இல் சிறுவர் தொழில் பற்றிய விசாரணை ஆணைக்குழுவின் முன் வெளிவந்த செய்தி. இவர்கள் வளர்ந்தபின் விதைப்பையிற் புற்றுநோய் தோன்றுவதை 1775இலேயே பேர்சிவல் பொட் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர் எடுத்துக்காட்டியிருந்தார். சுவருக்கு உறையிடாத சமூகம் சிறுவனின் தோலையே உறையாக்கிற்று எனின் அது மிகையாகாது.

சட்டங்கள் இல்லாமலில்லை. 1788ஆம் ஆண்டுச் சட்டம் எட்டு வயதுக்குட்பட்டோரைத் தொழிற்பயிலுநராகச் சேர்ப்பதைத் தடுத்தது. 1840ஆம் ஆண்டுச் சட்டமோ 21 வயதுக்குட்பட்டோர் புகைபோக்கியில் ஏறுவதையே விலக்கியது. ஆயினும் அவை ஏட்டளவில் நின்றன. நீண்ட தூரிகைக் கருவிகள் அந்நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கிடைத்தன. பெருமாளிகைகளின் வளைந்த வழிகளுக்கு அவை பொருந்தா என்றும், வழிகளைத் திருத்திக் கட்டப் பெருஞ்செலவாகும் என்றும் செல்வர் வாதிட்டனர். 1819இல் பிரபுக்கள் சபை சிறுவர்க்குச் சார்பான மசோதாவொன்றை நிராகரித்தது. செங்கல்லை மாற்றும் செலவு கணக்கிடப்பட்டது. பிள்ளையின் உடல் கணக்கில் வரவில்லை. 1875இல் கேம்பிரிட்ஜுக்கு அருகிலுள்ள புல்போர்னில் ஜோர்ஜ் புறூஸ்டர் என்னும் சிறுவன் புகைவழியிற் சிக்கினான்; சுவரை உடைத்து வெளியே எடுத்தும் அவன் உயிர் பிழைக்கவில்லை. அவ்வாண்டே ஷாப்ட்ஸ்பரிப் பிரபுவின் முயற்சியால், புகைபோக்கி துப்புரவு செய்வோர் பொலிசாரிடம் உரிமம் பெறவேண்டுமென்ற சட்டம் நிறைவேற, அக்கொடுமை முடிவுக்கு வந்தது.

சிறுவன் விடுதலை பெற்றான்; ஆனால் சுவர் பழைய சுவராகவே இருந்தது. 1952 டிசம்பரில் இலண்டனைக் கவிந்த நச்சுப்புகை, ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்டு, 1956ஆம் ஆண்டுத் தூய காற்றுச் சட்டத்துக்கு வழிவகுத்தது. இங்கிலாந்து, வேல்ஸ் நாடுகளுக்கான 1965ஆம் ஆண்டுக் கட்டட ஒழுங்குவிதிகளே புதிய புகைவழிகளுக்கு அகவுறையை விதியாக்கின. சிறுவனைக் காத்த சட்டத்துக்கும் சுவரைக் காத்த விதிக்கும் இடையே 90 ஆண்டுகள் கழிந்தன.

இதன் தேவையை எரிபொருளின் மாற்றம் மேலும் வலியுறுத்தியது. 1967 முதல் வடகடல் இயற்கை வாயு இல்லங்களை அடைந்தது. வாயுவடுப்பின் கழிவாவி வெப்பங் குறைந்தது, நீராவி மிகுந்தது. அகன்ற பழைய வழியில் அது குளிர்ந்து நீராகி, பழைய புகைக்கரியிலுள்ள கந்தகத்தைக் கரைத்து, சாந்தை அரித்து, படுக்கையறைச் சுவரிற் கபிலநிறக் கறையாக வெளிப்பட்டது. வெடிப்பின் வழியே காபனோரொட்சைட்டு கசிந்தால் உறங்குவோர் உயிருக்கே ஆபத்து. ஆதலாற் பழைய வழியினுள் நெகிழும் துருப்பிடியா உருக்குக் குழாய், இடையில் மூட்டின்றி ஒரே நீளமாக, உச்சியிலிருந்து இறக்கப்படுகிறது. புதிய புகைபோக்கியிற் சுட்ட களிமண் குழாய்களை அடுக்கும்போது அவற்றின் அகன்ற வாய் மேல்நோக்கியே இருத்தல் வேண்டும். அப்போதுதான் வழியும் நீர் மூட்டில் வெளியேறாது உள்ளேயே இறங்கும். புதிய அடுப்பைப் பொருத்தும்போது, பழைய உலோகக் குழாய் அண்மையில் இட்டதென்றும் பழுதற்றதென்றும் உறுதிப்படாவிடின் அதனையும் மாற்றவேண்டும் என்பது இன்றைய வழிகாட்டல்.

எனவே, தொழினுட்பம் பிந்தியமையால் மட்டும் இவ்வரலாறு இவ்வாறு அமைந்தது எனல் பொருந்தாது. தூரிகையும் இருந்தது, சுட்ட களிமண்ணும் இருந்தது. மலிவான மனித உடல் கிடைக்கும்வரை சுவரைத் திருத்தும் அவசியம் உணரப்படவில்லை. ஒரு கட்டடத்தின் முகப்பை மட்டும் நோக்கி ஒரு நாகரிகத்தை மதிப்பிடுவோர், அதன் புகைவழியின் உட்புறத்தையும் நோக்குதல் வேண்டும்.